முள் குத்தியது காலில், நெறி கட்டியது தொடையில்

காலில் குத்திய முள் முழுதாக வெளியே வராமல் நுனி மட்டும் உள்ளேயே முறிந்து நின்றுவிட்டால், மறுநாளே அந்த இடம் சிவந்து வீங்கும். தொட்டால் சுடும். ராத்திரி படுத்தால் விண்விண்ணென்று தெறிக்கும். இன்னும் ஓரிரு நாளில் தொடை இடுக்கில் உருண்டையாக ஒன்று திரண்டு, காலை மடக்கி உட்காரவே வலிக்கும். நெறி கட்டியிருக்கிறது என்பார்கள். நான் சிறுவனாக இருந்தபோது வீட்டுப் பெரியவர்கள் நெறியைத் தொட்டுப் பார்த்த கையோடு பாதத்தைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். இடுக்கில் வலி என்று அழுகிற பிள்ளையின் உள்ளங்காலில் எதைத் தேடுகிறார்கள் என்று அப்போது வேடிக்கையாக இருந்தது. மருத்துவர்களும் அதையேதான் செய்கிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த வீக்கம், சூடு, சீழ், நெறி எல்லாவற்றிலும் பெரும்பங்கு வெள்ளையணுக்களின் கைவரிசை. முள்ளும் அதில் ஒட்டி வந்த கிருமியும் நேரடியாகச் செய்தது கொஞ்சம்தான்.

வெள்ளையணு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள ‘டோட்டல் கவுண்ட்’ என்ற வரி. ஒரு மைக்ரோலிட்டர், அதாவது சின்னக் கடுகளவு ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம் என்று ஓரத்தில் அச்சடித்திருப்பார்கள். அதே கடுகளவில் சிவப்பணுக்கள் 40, 50 லட்சம். ஆக, அறுநூறு எழுநூறு சிவப்பணுக்களுக்கு நடுவே ஒரு வெள்ளையணு. வெள்ளை என்பதுகூடப் பெயருக்குத்தான். அவற்றுக்கு நிறமே கிடையாது. ரத்தத்தைக் குழாயில் வைத்து வேகமாகச் சுழற்றினால் சிவப்பு கீழே படியும், அதன்மேல் பாலேடு மாதிரி மெல்லிய வெளிர் படலம் நிற்கும். அந்தப் படலம் தந்த பெயர் அது.

இந்த எண்ணை ஒரு நாட்டின் படைபலக் கணக்குப் போலப் பார்க்கிறோம். கூடினால் ஏதோ நடக்கிறது, குறைந்தால் ஆபத்து என்று. ஆனால் ரத்தம் வெள்ளையணுக்களுக்குக் குடியிருப்பும் அல்ல, போர்க்களமும் அல்ல; போகிற வழி. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ரத்தத்தில் ஏறி, தோல், தசை, நுரையீரல், குடல் என்று தேவைப்படும் இடத்தில் இறங்கிக்கொள்கின்றன. வெள்ளையணுக்களில் பல வகை உண்டு. உடம்பில் உள்ள லிம்ஃபோசைட் என்ற வகையில் எந்த நேரத்திலும் ரத்தத்தில் ஓடுவது ஏறக்குறைய நூற்றில் இரண்டுதான். ரத்தத்தில் அதிகம் காணப்படும் நியூட்ரோஃபில் என்ற வகையிலும் ரத்தக் குழாய்க்குள் இருப்பவற்றில் பாதியளவு குழாய்ச் சுவரோடு ஒட்டிக் கிடக்கும், ஊசியில் வராது. பரிசோதனைக்கூடம் எண்ணித் தருவது அந்த நேரத்தில் சாலையில் போய்க்கொண்டிருந்தவர்களின் தலைக்கணக்கை மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் பிடிபடும்.

வெள்ளையணு என்ன செய்கிறது என்பது முதலில் தெரியவந்ததும் ஒரு முள்ளால்தான். 1882இல் இலியா மெச்னிகோவ் என்ற விலங்கியல் ஆய்வாளர் ரஷ்யப் பேரரசின் ஒடெசாவில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, சிசிலித் தீவின் மெசினா ஊரில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஒருநாள் வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்க வீட்டார் எல்லோரும் சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். இவர் நுண்ணோக்கியோடு தனியாக உட்கார்ந்து, நட்சத்திர மீனின் லார்வாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் உயிர். அதற்குள் அங்குமிங்கும் ஊரும் செல்கள் சில இருந்தன. இந்த உடலுக்குள் அந்நியப் பொருள் ஒன்று நுழைந்தால் இவை போய்ச் சூழ்ந்துகொள்ளுமோ என்று அவருக்குத் தோன்றியது. நம் விரலில் முள் ஏறினால் சீழ் கட்டுவதைப் போல. தோட்டத்துக்குப் போய் ரோஜா முட்கள் சிலவற்றை எடுத்து வந்து லார்வாக்களின் தோலுக்கடியில் செருகினார். இரவெல்லாம் தூக்கமில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். விடிந்ததும் பார்த்தால் முள்ளைச் சுற்றி ஊரும் செல்கள் மொய்த்துக் கிடந்தன.

இதன் அருமை புரிய வேண்டுமானால் அன்றைய நினைப்பு என்ன என்று தெரிய வேண்டும். சீழில் வெள்ளையணுக்கள் இருப்பதும், அவற்றின் வயிற்றுக்குள் கிருமிகள் கிடப்பதும் மருத்துவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் கிருமி அந்தச் செல்லுக்குள் வசதியாகக் குடியேறி, அதன்மேல் சவாரி செய்து உடம்பெங்கும் பரவுகிறது என்றே பலர் நினைத்தார்கள். இல்லை, செல்தான் கிருமியைத் தின்கிறது என்றார் மெச்னிகோவ். அந்தத் தின்னிச் செல்களுக்கு ‘ஃபேகோசைட்’ என்று பெயர். 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே டிசம்பர் மாதக் கடைசியில் மெசினா நகரம் பூகம்பத்தில் தரைமட்டமானது என்பது கதைக்குச் சம்பந்தமில்லாத துயரம்.

சரி, நம் காலுக்கு வருவோம். முள்ளோடு உள்ளே போன பாக்டீரியாவை முதலில் எதிர்கொள்வது ரத்தத்திலிருந்து ஓடிவரும் ஆள் அல்ல. தோலுக்கடியிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ். இதுவும் வெள்ளையணுக் குடும்பம்தான். பாக்டீரியாவின் மேலுறையில் நம் உடம்பில் எங்குமே இல்லாத சில பொருட்கள் உண்டு. அவற்றைத் தொட்டதும் மேக்ரோஃபேஜ் ரசாயனச் செய்திகளை வெளியிடுகிறது. பக்கத்தில் உள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. ரத்தக் குழாய் விரிகிறது, அதனால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர் இளகி நீர் கசிகிறது, அதனால் வீக்கம். அந்தச் செய்திகளில் சில மூளை வரை போய் உடல் வெப்பத்தை ஏற்றிவைத்தால் காய்ச்சல்.

அதே நேரம் குழாயின் உட்சுவரில் ஒட்டும் புரதங்கள் முளைக்கின்றன. ரத்த ஓட்டத்தில் விரைந்துபோகும் நியூட்ரோஃபில் அதில் உரசி, வேகம் குறைந்து, உருண்டு உருண்டு வந்து, கடைசியில் இறுக ஒட்டிக்கொள்கிறது. பிறகு தன் உடம்பைத் தட்டையாக்கி, சுவரின் செல்கள் இரண்டுக்கு நடுவே உள்ள சந்து வழியாக நெளிந்து வெளியேறுகிறது. வெளியே வந்ததும் கிருமி இருக்கும் திசையை ரசாயன வாசம் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகிறது. ஒன்றிரண்டு அல்ல, சில மணி நேரத்துக்குள் கூட்டம் கூட்டமாக.

இந்த வெளியேறும் வேலை எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் அபூர்வப் பிறவிக் குறைபாடு காட்டிக்கொடுக்கிறது. சில குழந்தைகளின் வெள்ளையணுக்களுக்கு, குழாய்ச் சுவரை இறுகப் பற்றிக்கொள்ளத் தங்கள் பக்கம் இருக்கவேண்டிய ஒட்டும் புரதம் அமைவதில்லை. சாலையிலிருந்து இறங்கவே முடியாது. அந்தக் குழந்தையின் ரத்தத்தில் டோட்டல் கவுண்ட் வழக்கத்தைவிடப் பல மடங்கு இருக்கும். ஆனால் கிருமித் தொற்று மேல் தொற்றாக வரும், புண்ணில் சீழே வைக்காது. அதன் முதல் அடையாளம் பலமுறை தொப்புளில்தான் தெரியும். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து விழவேண்டிய தொப்புள்கொடி ஒரு மாதம் ஆகியும் விழாது. அதைக் கழற்றி விடுவதிலும் வெள்ளையணுக்களுக்குப் பங்கு உண்டு! வீட்டில் கிழவிகள் கொடி விழுந்த நாளைக் கணக்கு வைத்துக்கொள்வார்கள். மருத்துவர்களும் அந்தக் கணக்கைக் கேட்கிறார்கள்.

நியூட்ரோஃபில் கிருமியைப் பிடித்தபின் நடப்பது கொஞ்சம் கொடூரம். கிருமியைச் சுற்றித் தன் சவ்வைப் பையாக மடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பைக்குள் ஆக்சிஜனிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு தயாராகிறது. அதிலிருந்து மயிலோபெராக்சிடேஸ் என்ற நொதி ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உண்டாக்குகிறது. ஊர்க் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் தண்ணீரில் உருவாகிக் கிருமியைக் கொல்கிறதே, அதே அமிலம்தான். மயிலோபெராக்சிடேஸின் நிறம் பச்சை. சளியும் சீழும் பச்சையாக இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம். சளி பச்சையாக வந்தாலே ஆன்டிபயாடிக் வேண்டும் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிறோம். அந்தப் பச்சை காட்டுவது நியூட்ரோஃபில்கள் நிறைய வந்து செத்திருக்கின்றன என்பதை மட்டுமே. வைரஸ் சளியிலும் அவை வரும். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது.

தின்ன முடியாத அளவுக்கு எதிரி இருந்தால் நியூட்ரோஃபில் இன்னொன்றும் செய்யும். தன் மரபணு இழைகளையே அவிழ்த்து வெளியே வலையாக வீசும். கிருமி அதில் சிக்கும். பெர்லினில் இருந்த ஆய்வாளர்கள் 2004இல்தான் இதைக் கண்டு சொன்னார்கள். எப்படியும் நியூட்ரோஃபிலுக்கு ஆயுள் கொஞ்சம்; சில மணி நேரமோ சில நாளோதான். அதனால் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் புதிதாகச் செய்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. சீழ் என்று நாம் பிதுக்கி எடுப்பது பெரும்பாலும் இவற்றின் பிணங்கள். மிச்சத்தைத் தின்று சுத்தம் செய்து, புண்ணை ஆறவைக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது, பின்னால் வரும் மோனோசைட்டுகள். அவை ரத்தத்தில் இருக்கும்வரை மோனோசைட். திசுவில் இறங்கிவிட்டால் மேக்ரோஃபேஜ் ஆகிவிடும்.

மேக்ரோஃபேஜ் தின்றால் எல்லாக் கிருமியும் சாகும் என்றும் இல்லை. காசநோய்க் கிருமி அதன் வயிற்றுக்குள்ளேயே சாகாமல் பல ஆண்டுகள் இருந்துகொள்ளும். செரிமான அமிலம் வந்து சேராதபடி அது பைக்குள் இருந்தே தடுத்துவிடுகிறது. அன்றைய மருத்துவர்கள் பயந்தது இந்த ஒரு விஷயத்தில் மெய்தான்.

மெச்னிகோவுக்கு எதிரணி இருந்தது. 1890இல் பேரிங், கிதசாதோ என்ற இரு ஆய்வாளர்கள் பெர்லினில் வேறொன்றைக் கண்டார்கள்: நச்சுக்குப் பழக்கப்படுத்திய விலங்கின் ரத்தத் தெளிநீரை, அதாவது செல்லே இல்லாத வெறும் நீரை, இன்னொரு விலங்குக்குச் செலுத்தினாலும் அதற்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. அப்படியானால் காப்பது செல்லா, நீரா? ஜெர்மன் கூடங்கள் நீர் என்றன. பாரிஸில் மெச்னிகோவ் செல் என்றார். பல வருடச் சண்டை. 1903இல் லண்டனில் ஆல்ம்ரோத் ரைட்டும் டக்ளஸும் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். நீரில் உள்ள ஏதோ ஒன்று கிருமியின்மேல் பூசிக்கொண்டால்தான் செல் அதை ஆவலாகத் தின்கிறது. அதற்கு அவர்கள் ‘ஆப்சோனின்’ என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் ‘ஆப்சோன்’ என்றால் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தம். நம்மூர் வெஞ்சனம்தான். வெஞ்சனம் இல்லாமல் வெறுஞ்சோறு இறங்காது என்பது வெள்ளையணுவுக்கும் பொருந்துகிறது. ரத்த நீரில் இருந்து கிருமியின்மேல் ஒட்டிக்கொள்ளும் புரதத்துக்கு ஆன்டிபாடி என்று பெயர். அது செய்யும் முக்கியமான வேலைகளில் ஒன்று இது. 1908 நோபல் பரிசையும் மெச்னிகோவுக்கும் எதிரணியின் பால் எர்லிக்குக்கும் பங்கிட்டுத்தான் கொடுத்தார்கள்.

அந்த ஆன்டிபாடியைச் செய்வது யார் என்பது மேலும் அரை நூற்றாண்டுக்குச் சரியாக விளங்கவில்லை. விளங்கவைத்ததில் கோழிக்கு ஒரு பங்கு உண்டு. கோழியின் மலவாய்க்குப் பக்கத்தில் ‘பர்சா’ என்ற சின்னப் பை இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் 1950களில் அந்தப் பை எதற்கு என்று அறிய, குஞ்சுகளில் அதை வெட்டி எடுத்துப் பார்த்தார். ஒன்றும் புலப்படவில்லை. சக மாணவரான திமொத்தி சாங், வகுப்பில் ஆன்டிபாடி உண்டாவதைச் செய்துகாட்டக் கோழி கேட்க, கிளிக் தன் பழைய கோழிகளைக் கொடுத்தார். சாங் சால்மோனெல்லாவை ஊசியாகப் போட்டார். சில கோழிகளில் ஆன்டிபாடியே உண்டாகவில்லை. பார்த்தால் எல்லாம் பர்சா நீக்கிய கோழிகள். கட்டுரையைப் பெரிய அறிவியல் இதழ் ஒன்று திருப்பி அனுப்பிவிட்டது. 1956இல் கோழி வளர்ப்பு அறிவியல் இதழில் வந்தது. ஆன்டிபாடி செய்யும் லிம்ஃபோசைட்டுக்கு ‘பி செல்’ என்ற பெயர் அந்தப் பர்சாவின் முதலெழுத்து. நமக்குப் பர்சா கிடையாது. நம் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் முதிர்கின்றன. நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கு இந்தப் பையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்போரோ வைரஸ் தாக்குவது இதைத்தான். அதிலிருந்து பிழைத்த குஞ்சும் எதிர்ப்புச் சக்தி போய், அடுத்து வரும் ஏதோ ஒரு நோயில் விழும்.

இன்னொரு வகை லிம்ஃபோசைட்டுக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிதான் பள்ளிக்கூடம். அதனால் ‘டி செல்’. தைமஸுக்கு வேலையே இல்லை என்றிருந்த காலத்தில், 1961இல் லண்டனில் ஜாக் மில்லர் பிறந்த எலிக்குஞ்சுகளில் அதை எடுத்துவிட்டு, அவை நோயில் மெலிந்து சாவதைக் காட்டினார்.

இப்போது நெறிக்கு விடை சொல்லிவிடலாம். முள் குத்திய இடத்தில் டென்ட்ரிடிக் செல் என்று கிளைகள் நீட்டிய ஒரு வகை இருக்கிறது. ரால்ஃப் ஸ்டைன்மன் 1973இல் அடையாளம் கண்டது. (2011இல் அவருக்கு நோபல் அறிவித்தபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது குழுவுக்குத் தெரியாது, பரிசை அப்படியே விட்டுவிட்டார்கள்.) இது கிருமியை விழுங்கி, துண்டாக்கி, அந்தத் துண்டுகளைத் தன் மேனியில் காட்டிக்கொண்டு, திசுவில் கசியும் நீரைத் திரட்டிக்கொண்டு போகும் நிணநீர்க் குழாயில் இறங்கிப் பயணம் போகிறது. பாதத்தின் நிணநீர் மேலே வந்து சேருமிடம் தொடை இடுக்கில் உள்ள நிணநீர்க் கணுக்கள். அங்கே லிம்ஃபோசைட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் அடையாளம் காணும். அந்த வடிவங்களை யாரும் முன்கூட்டித் திட்டமிடவில்லை. மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டுப் போலக் கலைத்துப் போட்டு உண்டாக்கியவை. இதைக் காட்டியதற்காக 1987இல் சுசுமு தொனெகாவாவுக்கு நோபல் கிடைத்தது. வந்த துண்டுக்குப் பொருந்துகிற லிம்ஃபோசைட் லட்சத்தில் ஒன்றாகத்தான் இருக்கும். அது கிடைத்துவிட்டால் பெருகத் தொடங்கும்: ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக. கணுவுக்குள் வந்தவை வெளியேறாமல் தேங்கவும், பொருந்தியவை பெருகவும், கணு வீங்கிப் புடைக்கிறது. அதுதான் நெறி. பாதத்தில் பிடிபட்ட ஆளைப் பற்றிய விசாரணை இடுக்கில் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்குச் சில நாட்கள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். அதுவரை சமாளிப்பது நியூட்ரோஃபிலும் மேக்ரோஃபேஜும். பெருகியவற்றில் சில ஆன்டிபாடி செய்யும், சில வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடித்துக் கொல்லும், கொஞ்சம் நினைவுச் செல்லாகப் பல ஆண்டுகள் தங்கிவிடும். தட்டம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்கிறோமே, அந்த நினைவால்தான். ஆனால் தட்டம்மைக்குள் ஒரு சூது இருக்கிறது. அந்த வைரஸ் தாக்கும் செல்களில் மற்ற நோய்களின் நினைவைச் சுமக்கும் லிம்ஃபோசைட்டுகளும் அடக்கம். தடுப்பூசி போடாமல் தட்டம்மை வந்த குழந்தைகளிடம், முன்பு இருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல்போனதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. ‘அம்மை வந்து போனால் நல்லதுதான்’ என்பவர்களிடம் சொல்லவேண்டிய செய்தி.

இவ்வளவையும் முடுக்கிவிடும் உதவி டி செல்லின் அருமை, அது இல்லாதபோதுதான் உலகத்துக்குப் புரிந்தது. எச்ஐவி குறிவைப்பது அதைத்தான். இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி கண்டறியப்பட்டது சென்னையில், 1986இல். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைச் செய்தார்கள். கடுகளவு ரத்தத்தில் 500க்கு மேல் இருக்கவேண்டிய இந்த சிடி4 செல்கள் 200க்குக் கீழே போனால், சாதாரண ஆளை ஒன்றும் செய்யாத பூஞ்சைகூட நுரையீரலை அடைத்துவிடும். மற்ற வெள்ளையணுக்கள் இருந்தும் ஏவிவிட ஆள் இல்லை.

தமிழ்நாட்டில் வெள்ளையணு வகைகளில் மிகப் பிரபலமானது ஈசினோஃபில்தான். விடாத இருமல், தும்மல் எது வந்தாலும் ‘எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கு’ என்று சொல்லும் தலைமுறை ஒன்று உண்டு. ஈசின் என்ற செஞ்சாயத்தை விரும்பி ஏற்பதால் பால் எர்லிக் 1879இல் வைத்த பெயர் இது. வெள்ளையணுக்களில் நூற்றுக்கு ஐந்தாறுக்குள் இருக்கும். ஒவ்வாமையிலும் வயிற்றுப் புழுவிலும் கூடும். ஆக, ஈஸ்னோபீலியா என்பது நோயின் பெயரே அல்ல, ஓர் எண் கூடியிருக்கிறது என்பதுதான். ஆனால் அந்தப் பேச்சு வெறும் கற்பனையும் இல்லை. 1940இல், அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளியின் காசநோய் சானடோரியத்தில் பணியாற்றிய ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும், எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தோன்றி, காசநோய் அல்லாத ஒன்றை எழுதிவைத்தார்கள்: இருமல், மூச்சிரைப்பு, ரத்தத்தில் மலைபோல் ஈசினோஃபில். 1943இல் வைங்கார்ட்டன் அதற்கு ‘வெப்பமண்டல ஈசினோஃபீலியா’ என்று பெயரிட்டார். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்க, உடம்பு அளவுக்கு மீறிச் சீறுவதால் வருவது அது. ராத்திரியில்தான் இருமல் வாட்டும். யானைக்கால் நோய்க்கு வீடு வீடாகக் கொடுத்தார்களே, அந்த டிஇசி மாத்திரையை மூன்று வாரம் சாப்பிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

திரும்ப அந்தப் பரிசோதனைத் தாளுக்கு. டோட்டல் கவுண்ட் 15,000 என்றால் கிருமித் தொற்றாக இருக்கலாம். மஜ்ஜை தன் கையிருப்பைச் சாலையில் இறக்கியிருக்கிறது. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கும் ஏறும்: பெரும்பாலும் குழாய்ச் சுவரில் ஒட்டிக் கிடந்தவை விட்டுவிட்டு ஓட்டத்தில் கலந்துவிடுகின்றன, புதிதாக வந்த ஆள் கொஞ்சம்தான். கர்ப்பிணிக்கும், ஓடிவிட்டு வந்து கையை நீட்டியவருக்கும்கூட ஏறும். மாறாக, டெங்குவிலும் டைஃபாய்டிலும் கவுண்ட் இறங்கும். மழைக்காலத்தில் நாம் பிளேட்லெட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். டெங்குவில் வெள்ளையணு படிப்படியாக இறங்குவதுதான் முன்னால் நடப்பது, அதற்குப் பின்னால்தான் பிளேட்லெட் சரியும். காய்ச்சல் விட்டபின் முதலில் ஏறத் தொடங்குவதும் வெள்ளையணுதான். அந்த வரியை மருத்துவர் சத்தமில்லாமல் கவனித்துக்கொண்டிருப்பார்.

கவுண்ட்டைப் பற்றி அதிகம் பேசுகிற இடம் புற்றுநோய் வார்டு. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களை அழிக்கிறது. மஜ்ஜையைவிட வேகமாகப் பெருக்கும் இடம் உடம்பில் அதிகமில்லை. ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாளில் நியூட்ரோஃபில் 500க்குக் கீழே விழுந்துவிடலாம். அந்த நாட்களில் நோயாளியின் காலில் முள் குத்தினால் பெரிதாகச் சிவக்காது, வீங்காது, சீழ் வைக்காது. பார்ப்பவர்களுக்குப் புண் ஆறிவிட்டது போலவே இருக்கும். உடம்பு தரக்கூடிய ஒரே தகவல் காய்ச்சலாக இருக்கலாம். அதனால்தான் தெர்மாமீட்டர் 100.4ஐத் தொட்டால் நடுராத்திரியானாலும் கிளம்பி வந்துவிடுங்கள் என்று அங்கே எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள்.